நாவிதன்வெளியின் பொறுமை

பொறுமை என்று வந்துவிட்டால் அம்பாறைக் கரையில் நாவிதன்வெளிக்குத்தான் முதலிடம். மாரி மழை பிடித்ததும் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் தண்ணீர் பாயும். கல்முனைக்குப் போகவேண்டியவர்கள் கரையில் வந்து நின்று பார்ப்பார்கள். வெள்ளம் முழங்காலுக்கு மேல் என்றால் திரும்பிப் போவார்கள். "தண்ணி வத்தட்டும், நாளைக்குப் பாப்பம்" என்பதோடு கதை முடிந்துவிடும். யாரும் சத்தம் போடுவதில்லை. உழவு மெசினுக்குக் காத்திருப்பார்கள். உரத்துக்கும் வாய்க்கால் தண்ணீருக்கும் காத்திருப்பார்கள். அறுத்த நெல்லுக்கு விலை ஏறவும் காத்திருப்பார்கள். அன்னமலையிலும் சொறிக்கல்முனையிலும் பொறுத்தார் பூமி ஆள்வார் என்று சொல்லிப் பிள்ளைகளை வளர்க்கிறார்கள். பக்கத்து முஸ்லிம் வீடுகளில் சபூர் செய்யச் சொல்லி வளர்க்கிறார்கள். சண்டைக் காலத்தையும் வெள்ளத்தையும் வறட்சியையும் இந்தக் குணத்தால்தான் தாண்டினார்கள்.

இந்தப் பொறுமையை நான் மனதாரப் போற்றுகிறேன். இதற்குச் சமமான பொறுமை உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. அவருடைய பெயர் குளுக்கோமா. எங்கள் பக்கத்தில் கண் பிரஷர் என்பார்கள்.

அதைப்போல் தொந்தரவு தராத நோய் இல்லை. காய்ச்சல் உடம்பைச் சுடும், பல்வலி தூங்கவிடாது, சலரோகம்கூடத் தாகத்தைக் காட்டித் தன் வரவை அறிவிக்கும். பெரும்பாலானவர்களுக்கு வருகிற திறந்த கோணக் குளுக்கோமா ஒன்றையும் செய்யாது. கண் சிவக்காது, வலிக்காது, நேரே பார்க்கிற பார்வை குறையாது. விளிம்பிலிருந்து மெதுவாக, அதுவும் வருடக் கணக்கில், பார்வையை எடுத்துக்கொண்டு வரும். ஒரு கண்ணில் எடுத்ததை மற்றக் கண் ஈடுகட்டிவிடும். மூளை மிச்சத்தை நிரப்பிவிடும். வரம்பில் நடக்கும்போது கால் இடறுவதும், பக்கத்தில் வந்த சைக்கிள் தெரியாமல் போவதும், "வயசு போயிற்று" என்ற ஒற்றை வார்த்தையில் அடங்கிவிடும். கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் ஏறத்தாழ 10 இலட்சம் இழைகள் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டு இருப்பதைத் தவிர அது வேறு எந்தத் தொல்லையும் தருவதில்லை. அறுந்த இழை திரும்ப முளைப்பதில்லை.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையார் தென் தமிழ்நாட்டின் கிராமங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட 5,150 பேரின் கண்களைப் பார்த்து 2003இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். நூற்றுக்கு இரண்டரைப் பேருக்கு மேல் குளுக்கோமா இருந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு அது இருப்பதே தெரியாது. அந்தக் கிராமங்களும் எங்கள் கிராமங்களைப்போல் நெல்லும் வெயிலும் உள்ள ஊர்கள்தான். நோயும் மனிதரும் ஒருவரையொருவர் இப்படி மதித்து, ஒரே வீட்டில் சத்தமில்லாமல் வாழ்வதைப் பாராட்டாமல் இருக்க முடியுமா?

கண்டுபிடித்த பிறகும் பொறுமை குறைவதில்லை. கண்ணுக்கு விடும் மருந்து ஒரு போத்தல் ஏறத்தாழ ஒரு மாதம் வரும். சொட்டு கன்னத்தில் வழிந்தால் அதற்கு முன்பே முடிந்துவிடும். அடுத்த கிளினிக் திகதி வரும்வரை வெறும் போத்தலை மேசையில் வைத்துக் காத்திருக்கிற மூத்தவர்கள் உண்டு. நோன்பு மாதத்தில் பகல் முழுக்க மருந்தைத் தள்ளி வைக்கிறவர்களும் உண்டு. அல்லாஹ்வுக்காகச் செய்வதாக நினைத்துத்தான் செய்கிறார்கள். கண்ணில் விடும் மருந்தால் நோன்பு முறியாது என்பது எங்கள் கரையில் பெரும்பாலானவர்கள் பின்பற்றுகிற ஷாஃபி மத்ஹபின் சட்டம். அதை ஆலிமிடம் ஒருமுறை கேட்டால் தெரிந்துவிடும். கேட்டுத் தொந்தரவு கொடுக்கவேண்டாம் என்று இருந்துவிடுகிறார்கள். அவ்வளவு பணிவு.

மருந்துக்கு அடங்காத பிரஷருக்கு ஓபரேசன் வருகிறது. இதைப் புகழும்போது எனக்கு ஒளிவுமறைவு எதுவும் இல்லை. இலங்கையில் அரச வைத்தியசாலையில் இந்தச் சத்திரசிகிச்சைக்கு ஒரு ஏழை விவசாயி காசு கட்டவேண்டியதில்லை. உலகத்தில் பல பணக்கார நாடுகளுக்கும் இல்லாத பெருமை இது. இந்தச் சிகிச்சையின் வரலாற்றில் தமிழ் நிலத்துக்கும் பங்கு உண்டு. சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த இராணுவ மருத்துவர் ராபர்ட் ஹென்றி எலியட், 1909இல் கண்ணின் வெள்ளைப்பகுதியும் கருவிழியும் சேரும் இடத்தில் சிறு வட்டத் துளை போட்டு, உள்ளே தேங்கும் நீரை வெளியே வடியவிடும் முறையைச் செய்யத் தொடங்கினார். அது எழும்பூரிலிருந்து உலகமெங்கும் பரவியது. துளைக்கு மூடி கிடையாது. சில கண்களில் நீர் அளவுக்கு மிஞ்சி வடிந்தது. சில கண்களில் பல வருடம் கழித்து அந்த மெல்லிய கொப்புளத்தின் வழியாகக் கிருமி உள்ளே போனது. 1968இல் இங்கிலாந்தில் கெயர்ன்ஸ் என்பவர் துளைக்கு மேல் கண்ணின் சொந்த வெள்ளைச்சுவராலேயே ஒரு மூடி வைத்துத் தைக்கும் முறையை விவரித்தார். இன்று டிரபெக்குலெக்டமி என்று சொல்லிச் செய்வது இந்த வழியில் வந்ததுதான். அதுவும் பலிக்காத கண்ணுக்குக் குழாய் பதிக்கிறார்கள். மதுரை அரோலாப் நிறுவனம் வெளிநாட்டுக் குழாயை ஒத்த ஒன்றை மலிவாகச் செய்து கொடுத்துப் பல கண்களைக் காப்பாற்றியிருக்கிறது.

ஆக, கண்ணின் முன்பக்கத்தில் நடப்பதெல்லாம் நல்லபடியாக நடக்கிறது. மறுநாள் காலை டொக்டர் பிரஷரை அளந்து பார்த்து "நல்லாக் குறைஞ்சிருக்கு" என்கிறார். அந்த ஒரு சொல்லோடு வீடு முழுக்கச் சந்தோசம். சோறு சமைத்து அயல்வீடுகளுக்கும் கொடுக்கிறார்கள்.

நன்றாகக் குறைந்ததில் என்ன நடக்கலாம் என்பதை எங்கள் விவசாயிகளுக்கு விளங்கவைப்பது கடினமே இல்லை. சொல்ல யாரும் இல்லை, அவ்வளவுதான். குளம் நிறைந்து பல நாள் நின்றால் அணைக்கட்டின் மண்ணுக்குள் ஈரம் ஊறிவிடும். அந்தக் குளத்தை ஒரே இரவில் வடியவிட்டால், மண்ணைத் தாங்கி நின்ற தண்ணீர் போய்விட, கட்டின் உள்முகம் சரியும். கல்லோயாத் தண்ணீரில் வேளாண்மை செய்கிறவனுக்கு இது தெரியாத விசயம் அல்ல. கண்ணும் தண்ணீரால் நிமிர்ந்து நிற்கிற உறுப்புத்தான். நிமிடத்துக்கு இரண்டு மூன்று மைக்ரோலீற்றர் நீர் உள்ளே ஊறி, அதே அளவு வெளியே வடியும். வழமையான அழுத்தம் 10 முதல் 21 மில்லிமீற்றர் பாதரசம். 40இல் நின்ற கண்ணை ஒரு மணி நேரத்தில் 4க்கு இறக்கினால், பின்சுவரில் ஒட்டியிருக்கிற விழித்திரையும் அதற்குக் கீழே இரத்தக் குழாய்கள் நிறைந்த படலமும் அந்த மாற்றத்தைத் தாங்கவேண்டும்.

விழித்திரையின் பெருந்தன்மையைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம். அதற்கு வலி தெரியாது. வலியை உணர்கிற நரம்பே அதில் இல்லை. ஆகவே தன் துன்பத்தைச் சொல்லி யாரையும் எழுப்பாது. திடீரென்று அழுத்தம் இறங்கிய அதிர்ச்சியில் அதில் அங்கங்கே இரத்தம் கசிந்து பொட்டுப் பொட்டாக நிற்கலாம். பெரும்பாலும் வாரங்களில் கரைந்துவிடும். கண் பல நாள் 6க்குக் கீழே தளர்ந்து கிடந்தால், உச்சிப் பார்வைக்குரிய நடுப்புள்ளியில் சுருக்கம் விழும். அந்தச் சுருக்கம் விழுந்தவருக்குக் கதவின் நிலை வளைந்து தெரியும், குர்ஆன் எழுத்தும் பஞ்சாங்க எழுத்தும் நெளிந்து தெரியும். வயது குறைந்தவர்களுக்கும் கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கும் இது வர வாய்ப்பு அதிகம். நேரத்தோடு கண்டு, தளர்ந்த மூடியை இறுக்கித் தைத்தோ வேறு வழியிலோ அழுத்தத்தை உயர்த்தினால் பார்வை திரும்பலாம். மாதக் கணக்கில் பொறுத்திருந்தால் சுருக்கம் நிரந்தரமாகத் தங்கிவிடும்.

விழித்திரைக்குக் கீழே உள்ள படலம், நீர் கசிந்து வீங்கிப் பக்கவாட்டில் மேடு தட்டுவதும் உண்டு. ஓரத்தில் கறுப்பு நிழல் தெரியும். அநேகமாக மருந்திலும் ஓய்விலும் வடிந்துவிடும். இரண்டு பக்க மேடுகளும் வளர்ந்து நடுவில் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் அவசரமாகத் தலையிடவேண்டும். கடுமையான கிட்டப்பார்வை உள்ள கண்ணில் விழித்திரையே கழன்று வரலாம். அப்போது மின்னல் வெட்டும், கரும்பூச்சி பறக்கும், ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்கும். குளுக்கோமா ஏற்கெனவே தின்று முடித்து, நடுவில் ஒரு சிறு வட்டம் மட்டும் மிஞ்சிய கண்ணில் அந்த வட்டமும் ஓபரேசனுக்குப் பிறகு அணைந்துபோவது அபூர்வம்தான் என்றாலும் நடக்கிறது. இவை எதுவும் டொக்டரின் கைத்தவறு அல்ல. நல்ல கையிலும் வரும். வரலாம் என்று முதலே சொன்ன கண்ணுக்கும், சொல்லாத கண்ணுக்கும் இடையில்தான் வித்தியாசம்.

இவற்றில் ஒன்றே ஒன்று வாய் திறந்து கத்தும். விழித்திரைக்கும் வெளிச்சுவருக்கும் இடையில் இரத்தக் குழாய் வெடித்து இரத்தம் கட்டுவது. வெள்ளைச்சுவரின் உட்பக்கமாக ஓடும் நரம்புகள் இழுபடுவதால் பொறுக்கமுடியாத வலி வரும், வாந்தி வரும், பார்வை சட்டென்று போகும். ஓபரேசன் மேசையில் நடக்காமல் வீட்டுக்கு வந்த பிறகு முதல் வாரத்திலும் நடக்கும். வயதானவர்களுக்கு, ஓபரேசனுக்கு முன் அழுத்தம் மிக உயர்ந்து இருந்தவர்களுக்கு, இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை குடிப்பவர்களுக்கு அபாயம் கூட. தும்மல், இருமல், மலச்சிக்கலில் முக்குவது, குனிந்து பாரம் தூக்குவது, இவ்வளவும் போதும் அதைத் தொடக்கிவிட.

இங்கேதான் எங்கள் ஊரின் அன்பைப் புகழவேண்டும். ஓபரேசன் முடிந்து வந்தவரைப் பார்க்க வராத ஆள் இல்லை. பிஸ்கட், பழம், ஹோர்லிக்ஸ் போத்தல் எல்லாம் வரும். பேரப்பிள்ளையைக் கொண்டுவந்து மடியில் தருவார்கள்; அவர் அள்ளித் தூக்குவார். வந்தவர்களுக்கு மரியாதையாகக் கதிரையைத் தூக்கிப் போடுவார். மூன்றாம் நாள் வயல் பார்க்கப் போய் உர பாக்கை ஒரு கை பிடிப்பார், ஏனென்றால் மற்றவரைத் தனியாகத் தூக்கவிடுவது மரியாதையில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போய் மற்றவர்களோடு ஒரே வரிசையில் நெற்றி நிலத்தில் பட சுஜூது செய்வார். தலை தாழும்போது கண்ணில் அழுத்தம் ஏறும். நோயாளி கதிரையில் இருந்து சைகையால் தொழ மார்க்கம் தாராளமாக இடம் கொடுத்திருக்கிறது. அந்தச் சலுகையை எடுக்காதது அவருடைய பக்தி. "ஓபரேசன் செஞ்சு வந்தவர், ஒரு மாசத்துக்குக் கதிரையில தொழுங்க காக்கா" என்று சொல்லாதது பக்கத்தில் நின்றவர்களின் நாகரிகம். கோயிலில் விழுந்து கும்பிடுகிறவர்களுக்கும் இதே கதைதான்.

பிறகு ஒரு இரவு வலி வருகிறது.

"ஓபரேசன் செஞ்ச கண்தானே மகன், வலிக்காம என்ன செய்யும். என்னத்துக்கு இந்த ராவில அலைச்சல்? விடியட்டும்."

இந்த வசனத்தைச் சொன்ன உம்மாமார், வாப்பாமார், அம்மாச்சிமார் எத்தனையோ பேர். அவர்கள் யாரும் தங்களுக்காகச் சொல்வதில்லை. மகன் நாளைக்கு வேலைக்குப் போகவேண்டும், ஓட்டோக்காரனை எழுப்பவேண்டும், மாரி என்றால் தாம்போதியில் தண்ணீர் நிற்கும் என்று மற்றவர்களுக்காகப் பொறுக்கிறார்கள். இரண்டு பனடோலைக் குடித்துவிட்டுத் திரும்பிப் படுக்கிறார்கள். பார்வை இருக்கிறதா என்று மற்றக் கண்ணை மூடிப் பார்க்கச் சொல்லி அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

சொல்லிக்கொடுக்காதவர்களின் அடக்கத்தையும் மறந்துவிடக்கூடாது. வாட்டிலிருந்து வெளியேறும்போது தரும் நோய்க்குறிப்பு அட்டை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதில் உள்ள விசயம் கிராமத்து மனிதரைப் பயமுறுத்திவிடக்கூடாது என்ற கருணையை அது கச்சிதமாக நிறைவேற்றுகிறது. கிளினிக்கில் ஒரு காலையில் பார்க்கவேண்டிய கூட்டத்தைப் பார்த்தவர்கள், டொக்டர் ஒரு நோயாளிக்கு எத்தனை நிமிடம் கொடுக்கமுடியும் என்று கணக்குப் பார்த்துக் குறை சொல்லமாட்டார்கள். அந்த டொக்டரும் பொறுமைசாலிதான். தாதியும் பொறுமைசாலிதான். பிரஷர் அளந்து, எழுதி, அடுத்த திகதி போட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டு, ஒரு நாளும் குரல் உயர்த்தாமல் வேலை செய்கிறார்கள். விழித்திரைச் சத்திரசிகிச்சை செய்கிற நிபுணர்கள் பெரும்பாலும் கொழும்பு, கண்டி போன்ற பெரிய நகரங்களில் இருக்கிறார்கள். நாவிதன்வெளியில் ஒரு கண்ணுக்குள் இரத்தம் கட்டினால் அது கல்முனைக்கோ அம்பாறைக்கோ போய், அங்கிருந்து கடிதம் எழுதி வாங்கி, இரவு பஸ்ஸில் ஏறி, கொழும்பு தேசிய கண் வைத்தியசாலையின் வரிசையில் போய் நிற்கவேண்டும். உள்ளே உறைந்த இரத்தம் இளகி எடுக்கிற பதத்துக்கு வர ஒன்று இரண்டு வாரம் ஆகும் என்பது உண்மைதான். அதனால் இந்தத் தூரத்துக்கு ஒரு நியாயம் கிடைத்துவிடுகிறது. ஆனால் வலிக்கு மருந்து கொடுத்து, அழுத்தத்தை அளந்து, உள்ளே ஸ்கேன் செய்து பார்த்து, எப்போது எடுப்பது என்று தீர்மானிக்கவேண்டியது அதே நாளில். அந்த நாளைத்தான் நாங்கள் பொறுமையாகக் கழிக்கிறோம்.

இன்னொரு பொறுமை பல வருடம் கழித்து வரும். டிரபெக்குலெக்டமி செய்த கண்ணின் மேலிமைக்குக் கீழே நீர் வடிகிற அந்தச் சிறு கொப்புளம் உயிருள்ளவரை இருக்கும். எலியட் காலத்தில் கண்ட ஆபத்து மூடி வைத்த பிறகும் முழுதாகத் தீரவில்லை. 5 வருடம் கழித்துக்கூட அதன் வழியாகக் கிருமி உள்ளே போகலாம். போனால் கண்ணின் உள்நீர் முழுக்கச் சீழ் பிடித்து விழித்திரையை மணிக்கணக்கில் அழிக்கும். தொடக்கத்தில் வெளியே தெரிவது வெறும் கண் சிவப்பும் பீளையும்தான். கண் நோய் பரவுகிற காலத்தில் வீட்டில் நான்கு பேருக்கு அப்படித்தான் இருக்கும். பாமசிக்காரத் தம்பி தெரிந்தவர், நல்லவர், கூட்டத்தில் நிற்கவைக்காமல் ஒரு சொட்டு மருந்து எடுத்துத் தருவார். காசுகூடப் பிறகு தரலாம் என்பார். மூன்று நாள் விட்டுப் பார்க்கச் சொல்வார். ஓபரேசன் செய்த கண்ணா என்று கேட்டு, ஆம் என்றால் மருந்து தராமல் உடனே வைத்தியசாலைக்கு விரட்டிவிடுகிற முரட்டுத்தனம் அவரிடம் இல்லை.

எனக்கு அந்த முரட்டுத்தனம் வேண்டும். ஒரு கைப்பிடித் துண்டில், தமிழில், பெரிய எழுத்தில் அச்சடித்து அட்டையோடு தைத்துக் கொடுக்கிற முரட்டுத்தனம் வேண்டும்: கண்ணில் கடும் வலியோடு வாந்தி வந்தால், பார்வை திடீரென்று மங்கினால், நிழலோ திரையோ இறங்கினால், நேர்கோடு வளைந்து தெரிந்தால், எத்தனை வருடமானாலும் ஓபரேசன் செய்த கண் சிவந்து பீளை தள்ளினால், அன்றைக்கே வா, இரவென்றாலும் வா. இதைப் பள்ளிவாசலில் ஜும்ஆவுக்குப் பிறகு ஒருமுறை வாசிக்கலாம். கோயில் திருவிழாவிலும் சொறிக்கல்முனைத் தேவாலயத்திலும் வாசிக்கலாம். எழுதுவதற்கு அரைப் பக்கம். ஏன் இன்னும் எழுதவில்லை என்று கேட்டால், எல்லோரும் யாரோ எழுதுவார்கள் என்று பொறுத்திருக்கிறோம்.

கடைசியாக, ஒருவரைப் பாராட்டாமல் விட்டால் பாவம் பிடிக்கும். கிளினிக்குக்குத் துணைக்கு வருகிறவர். காக்காவைக் கையில் பிடித்து பஸ்ஸில் ஏற்றி இறக்கும் தம்பி. அக்காவின் கிளினிக் கொப்பியை உறையில் போட்டு நெஞ்சோடு பிடித்து நிற்கும் தங்கச்சி. அதிகாலையில் எழுந்து நம்பர் எடுத்து, வாங்கில் இடம் பிடித்து, மத்தியானம்வரை தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். வருடக் கணக்கில் வருகிறார்கள். நெதர்லாந்தின் ரொட்டர்டாம் நகரில் செய்து 1998இல் வெளியான ஆய்வு ஒன்று, குளுக்கோமா நோயாளியின் உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வாழ்நாளில் அந்த நோய் வரும் வாய்ப்பு 22 சதவீதம் என்றும், நோயில்லாத குடும்பங்களில் அது 2.3 சதவீதம் என்றும் கணக்கிட்டது. அந்த வாங்கில் இருக்கிற தம்பிக்கு 50 வயது. இத்தனை வருடத்தில் தன் கண்ணைக் காட்ட அவர் ஒருநாளும் உள்ளே போனதில்லை. அண்ணனின் நேரத்தைத் தான் எடுத்துவிடக்கூடாது என்ற நல்ல மனது. கண்ணின் பின்பக்க நரம்பைப் பார்க்கவும் பிரஷரை அளக்கவும் சில நிமிடம்தான் தேவை. இப்போது கண்டுபிடித்தால் சொட்டு மருந்தோ லேசரோ போதும். கத்தியும், கத்திக்குப் பின்னால் வருகிற இரவுகளும் அவருக்குத் தேவைப்படாமலே போகலாம். அடுத்த கிளினிக் நாளில் இரண்டு நம்பராக எடுங்கள்.